பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டில் வீணையை எப்படி வைப்பது?

மயிலாப்பூரில் மேல்தளத்து வீடு, அதற்கு மேலே மொட்டைமாடி. மார்ச்சில் கிளம்பி டொரண்டோவில் மகன் வீட்டுக்குப் போகிறீர்கள், திரும்ப ஜனவரி ஆகிவிடும். அம்மா வாசித்த தஞ்சாவூர் வீணை வீட்டில் இருக்கிறது. தந்திகளை முழுக்கத் தளர்த்தலாமா, உறை போட்டுப் பரண்மேல் ஏற்றலாமா, கிளம்பும் முன் பாலிஷ் போடலாமா, இல்லை கையோடு கனடாவுக்கே எடுத்துப் போய்விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான்குக்குமே என் பதில் வேண்டாம் என்பதுதான். வீணை வாசிக்கத் தெரிந்த, நீங்கள் நம்புகிற ஒருவர் வீட்டில் விட்டுப் போவது முதல் வழி. அது முடியாவிட்டால் உங்கள் வீட்டிலேயே வைக்கலாம். ஆனால் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், கிளம்புவதற்கு முன் சில வேலைகளையும் செய்து வைக்க வேண்டும். காரணங்களையும் சேர்த்தே சொல்கிறேன். காரணம் தெரிந்தால் நான் சொல்லாமல் விட்ட சந்தர்ப்பத்திலும் என்ன செய்வதென்று உங்களுக்கே தெரியும்.

வீணையைப் பாதுகாப்பது பற்றிப் பேச ஆரம்பித்தால் எல்லோரும் முதலில் மரத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் மெழுகிலிருந்து தொடங்குகிறேன். கிடாரில் மெட்டுக்கம்பியை மரத்தில் பள்ளம் வெட்டி அடித்து இறக்கியிருப்பார்கள். நம் வீணையில் 24 மெட்டுகளும் தண்டி என்கிற நீண்ட கழுத்தின் இரு ஓரத்திலும் ஓடுகிற மெழுகுச்சட்டத்தின்மேல் உட்கார்ந்திருக்கின்றன. தேன்மெழுகோடு கரித்தூளும் குங்கிலியமும் சேர்த்துக் காய்ச்சிச் செய்கிற மெழுகு அது. சேர்மான அளவு ஆளுக்கு ஆள் மாறும். ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டு, இம்மி இம்மியாக நகர்த்தி, சுரம் சரியாக விழுகிற இடத்தில் அழுத்தி நிறுத்துவதைத்தான் மேளம் கட்டுவது என்கிறோம். 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் வீணைக்கு 24 நிலையான மெட்டுகள் அமைந்ததாகச் சொல்வார்கள். அந்த அமைப்பே இன்றும் தொடர்கிறது. இவ்வளவு நுணுக்கமாக சுரத்தைப் பிடித்து வைக்க மெழுகு இடம் கொடுக்கிறது. அதே இளக்கம்தான் அதன் பலவீனமும்.

சுத்தமான தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். சென்னையில் எந்த அறையும் அவ்வளவு சூடாகாது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மெழுகு கெடுவதற்கு உருகும்வரை போக வேண்டியதில்லை. முப்பத்தைந்து டிகிரியைத் தாண்டினாலே தேன்மெழுகு விரலுக்கு வளைந்து கொடுக்கும். குங்கிலியம் அதைக் கொஞ்சம் கெட்டிப்படுத்தும், அவ்வளவுதான். மே மாதம் மொட்டைமாடிக்குக் கீழே, சன்னல் எல்லாம் சாத்திய வீட்டில், பகல் முழுக்க வெயில் குடித்த காங்கிரீட் கூரை ராத்திரியும் சூட்டை உள்ளே இறக்கிக்கொண்டே இருக்கும். அந்த அறையிலேயே மிகச் சூடான இடம் கூரைக்குப் பக்கத்தில் இருக்கிற பரண். அங்கே வாரக்கணக்கில் இளகிக் கிடந்தால் மெட்டு தன் எடையிலேயே மெல்ல இறங்கும், அல்லது ஒரு பக்கம் சாயும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. திரும்பி வந்து மீட்டும்போது ஒரு மெட்டில் சுரம் பிசகும், பக்கத்து மெட்டில் தந்தி உரசி இரையும். கார் இன்னும் மோசம். வெயிலில் நிறுத்திய காருக்குள் சூடு மெழுகு உருகும் அளவை எட்டிவிடலாம். கச்சேரிக்குப் போகிற வழியில் சாப்பிட இறங்கினாலும் வீணையைக் காருக்குள் விட்டுப் போகக்கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான்.

மெழுகுக்கு இன்னொரு எதிரி எண்ணெய். இதைப் பலர் கவனிப்பதில்லை. இடது கை விரல்கள் வழுக்கிப் போக வேண்டும் என்று தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்வது வீணைக்காரர்கள் பலருக்கும் பழக்கம். அதில் தவறில்லை. ஆனால் அந்த எண்ணெய் தந்தியிலிருந்து மெட்டுக்கும், மெட்டிலிருந்து மெழுகுக்கும் இறங்குகிறது. எண்ணெயும் தேன்மெழுகும் கலந்தால் களிம்பாகிவிடும். உதட்டில் பூசும் தைலம் அப்படித்தான் தயாராகிறது. அதிகம் வாசித்த வீணைகளில் மெட்டின் ஓரத்து மெழுகு பிசுபிசுப்பாக, தூசி ஒட்டிக் கறுத்திருப்பதைப் பார்க்கலாம். அந்த நிலையிலேயே பத்து மாதம் பூட்டி வைத்தால், வெயிலில் முதலில் இளகுவது அந்த இடம்தான். ஆகவே கிளம்புவதற்கு முன் உலர்ந்த பழைய மல்துணியால் ஒவ்வொரு தந்தியையும் மேலும் கீழும் துடையுங்கள். மெட்டுகளின் உச்சியைத் துடையுங்கள். மெட்டுகளுக்கு இடையில் தூசி இருந்தால் மென்மையான ஓவியத் தூரிகையால் தட்டி எடுங்கள். மெழுகைத் தேய்க்க வேண்டாம். தண்ணீர், ஸ்பிரிட், மண்ணெண்ணெய் எதுவும் அந்தப் பக்கமே வரக்கூடாது. கிடாருக்குச் சொல்கிற எலுமிச்சை எண்ணெய் இணையத்தில் எங்கும் கண்ணில் படும். அதை வீணையின் தண்டியில் தடவினால் மேளமே இளகிவிடும்.

உறையையும் பெட்டியையும் பற்றி ஒரு வார்த்தை. தந்தி சாதாரணமாக மெட்டைத் தொடாமல் மேலே நிற்கும், விரலால் அழுத்தும்போதுதான் தொடும். இறுக்கமான பெட்டியில் மூடிப்பக்கத்து நுரைப்பஞ்சு தந்தியை அழுத்தினால், யாரோ இரவும் பகலும் எல்லா மெட்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பது போலத்தான் ஆகிறது. சூடும் சேர்ந்தால் மெட்டு இறங்காமல் என்ன செய்யும்? மூடியைச் சாத்துவதற்கு முன் ஒரு தாளைத் தந்திகளின்மேல் வைத்து மூடிப் பாருங்கள். தாளை லேசாக இழுத்தால் தடையில்லாமல் வர வேண்டும். வராவிட்டால் அந்தப் பெட்டி பயணத்துக்கு மட்டும்தான் சரிப்படும், பத்து மாதம் வைக்க ஆகாது. வீணையின்மேல் புத்தகம், தலையணை, மடித்த துணி என்று எதையும் அடுக்காமல் இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

வீட்டுக்குள் எந்த இடம்? மேற்கு வெயில் விழாத உள்ளறை. வெளிச்சுவரை ஒட்டாமல், கூரையிலிருந்து எவ்வளவு கீழே முடியுமோ அவ்வளவு கீழே, ஆனால் தரையில் வேண்டாம். தரையில் கரையானும் ஈரமும் வரும். கட்டில்மேல் வைப்பது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. வீணையின் பெரிய உருண்டை வயிறான குடம் அசையாதபடி துணியைச் சும்மாடு போலச் சுற்றி அதன் நடுவில் குடத்தை உட்கார வையுங்கள். தண்டியின் மறுபக்கம் சுரைக்காய் தாங்கும். சுரைக்காயைக் கழற்றி வைப்பதாக இருந்தால் அந்த இடத்தில் அதே உயரத்துக்கு மடித்த போர்வை வேண்டும். சுரைக்காய் இப்போது பெரும்பாலும் காகிதக்கூழில் அல்லது ஃபைபரில் செய்தது. காகிதக்கூழ் என்றால் ஈரம் அதற்கு ஆகாது. சுவரில் சாய்த்து நிறுத்துவது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். வீணை விழுந்தால் அடி படுவது தண்டியும் குடமும் சேரும் இடத்திலும், தண்டியின் முனையில் செதுக்கிய யாளியின் கழுத்திலும். இரண்டுமே சரிசெய்யக் கஷ்டமான இடங்கள்.

வீணையைத் தூக்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஒரு கை குடத்தின் அடியில், மற்றொரு கை யாளிப் பக்கம் தண்டியின் அடியில். தண்டியின் நடுவில் கைபோட்டு மேலிருந்து பற்றித் தூக்கினால் விரல்கள் மெழுகுச்சட்டத்தின்மேலும் மெட்டுகளின்மேலும் பதியும். சுரைக்காயைப் பிடித்துத் தூக்கினால் திருகு தளரும். வீட்டு வேலைக்கு உதவ வருகிறவர்கள், வண்டியில் ஏற்றித் தருகிறவர்கள் எல்லோரும் சிதாரையும் தம்புராவையும் பிடிப்பது போலத்தான் பிடிப்பார்கள். கூட நின்று சொல்லித்தர வேண்டும்.

இனி மரம். தஞ்சாவூர் வீணைக்குப் பலாமரம்தான். பண்ருட்டிப் பக்கத்துப் பலாவுக்குத் தனிப் பெயர் உண்டு. 2013இல் தஞ்சாவூர் வீணை புவிசார் குறியீடும் பெற்றது. குடம், தண்டி, யாளி எல்லாவற்றையும் ஒரே மரத்தில் குடைந்திருந்தால் ஏகாண்டி வீணை, தனித்தனியாகச் செய்து சேர்த்திருந்தால் ஒட்டு வீணை. உங்களுடையது எது என்று பார்த்து வையுங்கள். ஈரம் ஏறும்போது மரம் நார்வாக்கில் நீள்வதில்லை, குறுக்கே அகலும். காய்ந்தால் குறுக்கே சுருங்கும். இந்த ஏற்ற இறக்கத்தில் ஒட்டு வீணையின் ஒட்டு வாய்விடும், ஏகாண்டியில் நார் ஓடும் வழியில் கீறல் விழும். குடத்தை மூடுகிற மேல்பலகை மெல்லியது. அதனால் மாறுதலை முதலில் காட்டுவதும் அதுதான்.

மரக்கருவிகளுக்கு 45 முதல் 60 சதவீதம் ஈரப்பதம் நல்லது என்பார்கள். கடலோரச் சென்னையில் எழுபதுக்கு மேல் இருக்கிற நாட்கள்தான் அதிகம். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். பலாமரம் இந்தக் காற்றுக்குப் பழகியது. அறுபத்தைந்தில் நிலையாக இருக்கும் அறை, நாற்பதுக்கும் எண்பதுக்கும் தினமும் தாவுகிற அறையைவிட எத்தனையோ மேல். ராத்திரி மட்டும் ஏசி ஓடி, பகலில் சன்னல் திறந்திருக்கிற படுக்கையறை வீணைக்குச் சங்கடம் தருவது இதனால்தான். ஏசியின் காற்று நேராகப் படும் இடம் கூடவே கூடாது. முந்நூறு நானூறு ரூபாய்க்கு எண் காட்டும் சிறு ஈரப்பதமானி கிடைக்கிறது. வெப்பமும் சேர்த்துக் காட்டும். இப்போதே வாங்கி, நீங்கள் நினைத்திருக்கிற அறையில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். எந்த அறை குறைவாக அலைகிறதோ அந்த அறையைத் தேர்ந்தெடுங்கள்.

பிளாஸ்டிக் தாள் சுற்றாதீர்கள். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே பூஞ்சை பிடிக்கும். அம்மாவின் பழைய பருத்திப் புடவை இருந்தால் அதைவிட நல்ல உறை கிடையாது. சரிகை இல்லாததாக இருக்கட்டும், சரிகை மெருகைக் கீறும். பெட்டியில் வைப்பதானால் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டு மூன்று போடலாம். ஆனால் அவை சில வாரங்களில் நிறைந்துவிடும், யாராவது மாற்றினால்தான் பயன். ஈரத்துக்கு அரிசிப்பொட்டலம் வைப்பது சிலருக்குப் பழக்கம். அது வண்டைக் கூப்பிட்டு வைப்பதில்தான் முடியும்.

தந்திக்கு வருகிறேன். நீண்ட நாள் வாசிக்காவிட்டால் தந்தியை எல்லாம் தளர்த்திவிட வேண்டும் என்று உங்களிடம் யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். பாதி சரி. முழு இழுவிசையில் கோடை முழுக்க விட்டால் தண்டியும் ஒட்டும் அந்த விசையைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் தந்திகளைத் தாங்குகிற குதிரை மேல்பலகையில் நிற்பதே தந்திகள் அழுத்துவதால்தான். எல்லாத் தந்தியும் தொய்ந்தால் குதிரை நகரும், சில நேரம் கவிழும். குதிரைக்கும், மறுமுனையில் தந்திகளைத் தாங்கும் மேருவுக்கும் இடையில் இருக்கும் நீளத்தை வைத்துத்தான் 24 மெட்டுக்கும் இடம் குறித்திருக்கிறது. குதிரை ஒரு நூல் அளவு நகர்ந்தாலும் அத்தனை மெட்டும் ஒரே நேரத்தில் பொய் சொல்லும். மேளம் கெட்டுவிட்டது என்று எண்ணி நல்ல மெழுகைப் பிரித்துப் புதிதாகக் கட்டியவர்கள் உண்டு. ஆகவே ஒரு கட்டை, மிஞ்சினால் ஒன்றரைக் கட்டை சுருதியை இறக்குங்கள். வாசிக்கும் தந்திகளான சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் நான்கையும் ஒரே அளவுக்கு, கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றி இறக்குங்கள். பக்கத்துத் தாளத்தந்தி மூன்றையும் அப்படியே. முதலில் தந்திகளைக் குடத்துப் பக்கம் கட்டியிருக்கும் நாகபாசத்தை ஒட்டி, நுணுக்கமாகச் சுருதி சேர்க்க உதவும் லங்கரில் இருக்கிற மணிகளை நகர்த்திக் கொஞ்சம் இறக்கி, மீதியைத் தந்தியை முறுக்கும் பிரடையில் இறக்கலாம். தந்தி மாற்ற வேண்டியிருந்தாலும் ஒவ்வொன்றாகத்தான். ஒன்றைக் கழற்றிப் புதியதை ஏற்றிய பிறகே அடுத்தது. எஃகுத் தந்தியில் துரு தொட்டிருந்தால் இப்போது மாற்றாதீர்கள், வந்து மாற்றிக்கொள்ளலாம். மயிலாப்பூர்க் கடற்காற்றில் புதுத் தந்தியும் பத்து மாதத்தில் துருப்பிடித்துத்தான் இருக்கும்.

தந்தியை இறக்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து வையுங்கள். சாரணியைச் சரியான சுருதியில் வைத்து, 12ஆம் மெட்டுக்கு நேர் மேலே தந்தியை விரலால் அழுத்தாமல் தொட்டும் தொடாமலும் வைத்து மீட்டுங்கள். மணி போல மேல் ஸட்ஜம் கேட்கும். உடனே அதே மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் குதிரை சரியான இடத்தில் இருக்கிறது. பிறகு குதிரையின் அடி எங்கே நிற்கிறது என்பதை நேர் மேலிருந்து செல்பேசியில் படம் எடுத்து வையுங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோலையும் வைத்து எடுத்தால் இன்னும் நல்லது. திரும்பி வந்ததும் இந்தச் சோதனையையே செய்தால் என்ன ஆயிற்று என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம். மேல் ஸ்தாயி மெட்டுகள் எல்லாம் ஒரே போக்கில் பிசகினால் குதிரை நகர்ந்திருக்கிறது. ஒரு மெட்டு மட்டும் பிசகினால் அந்த மெட்டுக்குக் கீழே மெழுகு இறங்கியிருக்கிறது.

மேளத்தைப் புதிதாகக் கட்டிவிட்டுக் கிளம்பலாமா என்ற எண்ணம் வரலாம். வேண்டாம். காலியாகக் கிடக்கும் கோடைக்கு முன் அதைச் செய்வது பணத்துக்கும் கேடு. வந்த பிறகு, ஜனவரி பிப்ரவரிக் குளிர்ச்சியில் கட்டுங்கள்.

பாலிஷ் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. பழைய வீணைகளுக்குப் போட்டிருப்பது பெரும்பாலும் அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் தேய்த்த பாலிஷ். சாராயம் பட்டால் அது கரையும். கைகழுவும் சானிடைசரும் வாசனைத் தெளிப்பானும் பட்ட இடத்தில் வெள்ளைத் திட்டு விழுவது அதனால்தான். கடையில் கிடைக்கும் மேசை நாற்காலித் தெளிப்பான்களில் சிலிக்கோன் இருக்கும். ஒருமுறை அது மரத்தில் ஏறிவிட்டால் பிறகு முறையான பாலிஷ் ஒட்டாது. தேங்காய் எண்ணெய், ஆலிவ் எண்ணெய் தடவினால் ஒரு நாள் பளபளக்கும், ஒரு மாதத்தில் பிசுக்காகித் தூசியைப் பிடித்து வைக்கும். அம்மாவின் கை பட்டு மங்கிய மெருகு அப்படியே இருக்கட்டும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பித்தளை மெட்டுகளையும் குதிரைமேல் இருக்கும் உலோகத் தகட்டையும் குத்துவிளக்கு துலக்குவது போலப் புளி போட்டோ பொடி போட்டோ தேய்க்காதீர்கள். தகட்டின் மேல்பரப்பில் இருக்கும் மிக மெல்லிய வளைவில்தான் நாதமே இருக்கிறது. தகட்டை ஒட்டியிருக்கும் அரக்கும் தண்ணீருக்கும் உராய்வுக்கும் விட்டுப்போகும்.

பூச்சிகள் விஷயம் சுருக்கமானது. வீணைக்கு அடியில் வெளிர்ந்த துணியை விரித்து வையுங்கள். மரத்தைத் துளைக்கும் வண்டு இருந்தால் மாவு போன்ற தூள் அந்தத் துணியில் கொட்டும், குண்டூசித் தலையளவு ஓட்டை தெரியும். அந்த ஓட்டையில் மண்ணெண்ணெய் ஊற்றுவது பழைய வழக்கம். அது மரத்துக்குள் பரவி மெழுகையும் பாலிஷையும் கெடுக்கும். வீணை செய்கிறவரிடம் காட்டுவதுதான் சரி. அந்துருண்டை போடுவதானால் துணியில் முடிந்து அறையின் மூலையில் வையுங்கள். பிளாஸ்டிக் வேலைப்பாடு இருக்கும் வீணையில் அது நேராகப் படக்கூடாது. எலி மெழுகையும் கடிக்கும். குளியலறை வலைச்சன்னல் கிழிந்திருந்தால் கிளம்புவதற்கு முன் அடைத்துவிடுங்கள். ஒலிபெருக்கிக்காகக் குடத்தில் ஒட்டுநாடாவால் சிறு மைக் ஒட்டியிருந்தால் அதை எடுத்துவிடுங்கள், பேட்டரியையும் கழற்றுங்கள்.

இவ்வளவு வேலையையும் சொல்லிவிட்டு மறுபடியும் சொல்கிறேன், வாசிக்கிற ஒருவர் வீட்டில் விடுவதுதான் நல்லது. வாசிக்காத வீணை நாதம் இழக்கும் என்று பெரியவர்கள் சொல்வதை நான் நடைமுறையாகவே எடுத்துக்கொள்கிறேன். தினமும் தொடுகிறவருக்குப் பிரடை வழுக்குவதும் மெட்டு சாய்வதும் ஒட்டு வாய்விடுவதும் அந்த வாரமே தெரியும். பூட்டிய வீட்டில் அது பத்து மாதம் வளர்ந்துகொண்டே போகும். உங்கள் பகுதியில் வீணை கற்பவர்களுக்குப் பஞ்சமில்லை. சொந்த வீணை வாங்க முடியாத மாணவி ஒருத்தி வீட்டில், கீழ்த்தளத்தில் இல்லாத, மழைத்தண்ணீர் ஏறாத இடமாகப் பார்த்து விடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் கீழ்த்தளத்து வீடுகள் பட்ட பாடு தெரியும்தானே. தப்பித்தவறி வீணை நனைந்தால் வெயிலில் காய வைக்கக் கூடாது, மின்விசிறியை நேராகத் திருப்பவும் கூடாது என்பதையும் அவர்களிடம் சொல்லி வையுங்கள். தந்தியைச் சற்று இறக்கி, தண்ணீரை ஒற்றி எடுத்து, நிழலில் காற்றோட்டமாக நாட்கணக்கில் உலரவிட வேண்டும்.

சரஸ்வதி பூஜைக்கு அவர்கள் வீணையை வைப்பார்கள், வைக்கவும் வேண்டும். ஈரச் சந்தனமும் குங்குமமும் மரத்தில் நேராகப் பட்டால் கறை நிற்கும். வெள்ளை வேலைப்பாட்டில் மஞ்சள் இறங்கினால் போகவே போகாது. வீணைக்குப் போட்ட துணிமேல் பொட்டு வைக்கட்டும், பூவைத் தண்ணீர் உதறிச் சாத்தட்டும். விளக்கை மெழுகுச்சட்டத்திலிருந்து ஒரு கை தூரமாவது தள்ளி ஏற்றட்டும்.

கடைசியாகக் கனடா. ஏறக்குறைய நான்கடி நீளக் கருவியை விமானத்தில் கொண்டுபோவதே சிரமம். அதைத் தாண்டி இரண்டு காரணங்கள். ஒன்று, அங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது உள்ளே ஈரப்பதம் முப்பது சதவீதத்துக்கும் கீழே இறங்குவது சாதாரணம். நாற்பது ஐம்பது வருஷம் சென்னைக் காற்றில் இருந்த பலாமரம் சில வாரங்களில் அவ்வளவு காய்ந்தால் கீறல் விழ வாய்ப்பு அதிகம். பிரடைகளும் சுருங்கி நிற்காமல் வழுக்கும். மெழுகும் கடுங்குளிரில் நொறுங்கும் தன்மை அடையும். பனியில் வண்டியிலிருந்து இறக்கும்போது ஓர் அதிர்ச்சியில் மெட்டு பெயர்ந்து வந்துவிடும். இரண்டாவது, பழைய வீணைகளில் குடத்தின் விளிம்பிலும் தண்டியிலும் இழைத்திருக்கும் வெள்ளை வேலைப்பாடு யானைத்தந்தமாகவோ மான்கொம்பாகவோ இருக்கலாம். இப்போது செய்பவற்றில் பிளாஸ்டிக்தான். தந்தமும் கொம்பும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. நாடு விட்டு நாடு யானைத்தந்தம் போவதை உலக ஒப்பந்தமும் கட்டுப்படுத்துகிறது. அம்மாவின் வீணை எந்தக் காலத்தது என்று தெரிந்த வீணை வேலைக்காரர் ஒருவரிடம் காட்டி, அது என்ன பொருள் என்று உறுதிசெய்யாமல் விமான நிலையத்துக்கு எடுத்துப் போகவே கூடாது. அங்கே வாசிக்காமல் இருக்க முடியாது என்றால், மெழுகில்லாமல் திருகாணியால் மெட்டு பொருத்திய வீணைகள் இப்போது வருகின்றன. பயிற்சிக்கு அப்படி ஒன்றை வாங்கிப் போங்கள்.

திரும்பி வந்த அன்றே சுருதியை ஏற்றிவிடாதீர்கள். வீணை வேறு வீட்டில் இருந்திருந்தால் உங்கள் அறையில் ஒரு நாள் உறையோடு இருக்கட்டும். மறுநாள் குதிரையைப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், நகர்ந்திருந்தால் தந்தி தளர்ந்திருக்கும்போதே மெதுவாகத் தள்ளிச் சரிசெய்யலாம். பிரடை வழுக்கினால் கொஞ்சம் சாக்பீஸ் தூள் தொட்டு வையுங்கள், இறுகித் திரும்ப மறுத்தால் உலர்ந்த சோப்பைத் துளி தேயுங்கள். மூன்று நாளில் அரை அரைக் கட்டையாக ஏற்றுங்கள். அதன் பிறகு 12ஆம் மெட்டுச் சோதனையைச் செய்து, எந்தெந்த மெட்டு பிசகியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒன்றிரண்டுதான் என்றால் அந்த மெட்டுகளை மட்டும் தொட்டுக் கொடுக்கச் சொல்லலாம். ஐந்தாறுக்கு மேல் இருந்தால் மேளம் முழுவதையும் கட்டுவதே நல்லது. கட்டுகிறவர் வரும்போது நீங்கள் வாசிக்கும் சுருதியைச் சொல்லி, புதுத் தந்திகளை முன்பே ஏற்றி, அவை இழுத்து நின்ற பிறகு கட்டச் சொல்லுங்கள்.